கொற்றலையாறு முதல் கும்மிடிப்பூண்டி வரை



திருவள்ளூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பெருமையும் ஒரு மனக்குறையும் உண்டு. சென்னை மாநகருக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடிநீர் கொடுத்து வருவது எங்கள் மண் என்பது பெருமை. அந்த நகரமும் அதைச் சுற்றி எழுந்த ஆலைகளும் வளர வளர, எங்கள் கிணறுகள் பல உவர்த்துப் போயின என்பது மனக்குறை. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் வரலாறு ஒன்று இருக்கிறது. அரசர்களோ போர்களோ அவ்வரலாற்றில் இல்லை. மணலும் படிகாரமும் குழாயும் இயந்திரமும், அவற்றைப் பேணிய மனிதர்களுமே அதில் இடம் பெறுவர். நீரைத் தூய்மை செய்யும் சாதனங்கள் நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தன, அவற்றைப் பழுது பார்ப்பதிலும் காலத்துக்கேற்பப் புதுப்பிப்பதிலும் நாம் எங்கே வென்றோம், எங்கே தவறினோம் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

நீர்நிலையைப் பேணுதல் நமக்குப் புதியது அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் 'ஏரி வாரியம்' என்ற குழு கூறப்படுகிறது. ஏரியை வெட்டியவனுடைய பெயர் மறைந்தாலும், அதை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள ஒரு குழு வேண்டும் என்பதை அக்காலத்து ஊரார் உணர்ந்திருந்தனர். கரையை உயர்த்துவதும், வண்டலை வாருவதும், வாய்க்காலைச் செப்பனிடுவதும் ஊர் மக்கள் கூடிச் செய்த வேலைகள். அதனையே 'குடிமராமத்து' என்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வழக்கம் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி அதை நிலைநிறுத்த முயன்றனர். மனமுவந்து செய்த பணி சட்டத்தின் பணியாக மாறிய பிறகு அதன் உயிர் குன்றிவிட்டது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

சென்னைக் கோட்டைக்கு 1772-ஆம் ஆண்டில் 'ஏழு கிணறு' என்னும் இடத்திலிருந்து நீர் கொண்டு செல்ல ஏற்பாடாயிற்று. நகர மக்களோ மேலும் நூறாண்டுக் காலம் தத்தம் வீட்டுக் கிணற்றையும் அருகிலிருந்த குளத்தையுமே நம்பி வாழ்ந்தனர். 1866-இல் ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டத்தை அரசாங்கத்தின் முன் வைத்தார். கொற்றலையாறு என்றும் கொசத்தலையாறு என்றும் நாம் வழங்கும் ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு ஒன்று கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றத்தருகே உள்ள புழல் ஏரிக்குக் கொண்டுவந்து, பின் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புவது அத்திட்டம். இயந்திர விசை எதுவும் இல்லாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் நீரின் இயல்பையே பயன்படுத்திக்கொண்ட திட்டம் அது. 1872-இல் அது நிறைவேறியது.

ஆயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை நீர் வந்தது திறந்த மண் கால்வாயில். வழியில் மாடு இறங்கும். மழைநீர் அழுக்கை அடித்துக்கொண்டு வரும். அந்த நீரை வடிகட்டுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. ஏரியில் இருந்தபடியே அது இரும்புக் குழாய்களில் நகருக்குள் சென்றது. இவ்வாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னை மக்கள் வடிகட்டாத நீரையே பருகி வந்தனர்.

வடிகட்டும் கலை அப்பொழுது உலகில் இல்லாமல் இல்லை. 1829-இலேயே லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்பவர் தேம்ஸ் ஆற்று நீரை மணற்படுகையின் வழியே மெல்ல இறக்கித் தெளிவித்துக் காட்டினார். அதன் முழுப்பயனை உலகுக்கு உணர்த்தியது ஒரு பெருந்துயரம். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஒட்டியே, ஒரு தெருவின் இப்பக்கமும் அப்பக்கமுமாக, அல்டோனா என்ற நகர் இருந்தது. இரண்டு நகரங்களும் குடித்தது எல்பா ஆற்று நீரே. அல்டோனாவோ ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, அதற்குக் கீழ்ப்புறத்தில் நீர் எடுத்தது. எனினும் அல்டோனாவில் நோய் பரவவில்லை. காரணம், அங்கே மணல் வடிகட்டி இருந்தது, ஹாம்பர்க்கில் இல்லை.

இந்த வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திவிடுகின்றன. அடுத்த சில மாதங்களில் நடந்ததை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வதுண்டு. அந்தக் குளிர்காலத்தில் அல்டோனாவிலும் வாந்திபேதி சிறிய அளவில் தலைகாட்டியது. ராபர்ட் காக் என்ற புகழ்பெற்ற அறிஞர் காரணத்தைத் தேடினார். கடுங்குளிரில் வடிகட்டி ஒன்றைச் சுத்தம் செய்தபோது அதன் மணல் உறைந்துபோயிற்று. அதனால் அது சரிவர வேலை செய்யவில்லை என்று கண்டார். வடிகட்டி இருந்ததால் பிழைத்த ஊர், அதனைப் பேணுவதில் நேர்ந்த ஒரு பிழையால் நோயுற்றது. ஒவ்வொரு வடிகட்டியிலிருந்தும் வெளிவரும் நீரை நாடோறும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டரில் நூறு நுண்ணுயிர்களுக்கு மேல் காணப்பட்டால் அந்நீரை ஏற்கலாகாது என்று காக் வரையறுத்தார். சாதனம் உண்டா என்ற கேள்வியோடு, சாதனம் இன்று சரியாக வேலை செய்கிறதா என்ற கேள்வியும் அன்று முதல் நீரியலில் நிலைபெற்றது. நம் நாட்டில், கிண்டியில் 1899-இல் தோன்றிய கிங் ஆய்வு நிலையம் நீரைச் சோதிக்கும் பணியையும் மேற்கொண்டது.

சென்னைக்கு வடிகட்டிய நீர் 1914-இல் கிடைத்தது. மாநகராட்சியின் தனிப் பொறியாளராக இருந்த மேட்லி என்பவர் வகுத்த திட்டம் அது. தியாகராய நகரில் உள்ள மேட்லி சாலை அவர் பெயரால் விளங்குவது. திறந்த கால்வாய்க்குப் பதிலாக மூடிய கட்டுக்கால்வாய் அமைத்து, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும், தூய நீர்த் தொட்டிகளும், நீரேற்றும் இயந்திரங்களும் நிறுவினர். ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு அதனைத் தொடங்கிவைத்தார்.

அந்த வடிகட்டி எவ்வாறு வேலை செய்கிறது? அடியில் சரளைக் கற்கள், அவற்றின்மேல் மூன்றடி அளவுக்கு நுண்மணல், அதன்மேல் நீர். நீர் மிக மெதுவாக, மணிக்கு ஒரு சாண் அளவு கூட இறங்காமல், மணலின் ஊடே கசியும். சில நாள்களில் மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று தோன்றும். அது பார்ப்பதற்கு அழுக்கு. ஆனால் உயிருள்ள அழுக்கு. அதில் வாழும் நுண்ணுயிர்களே நோய்க்கிருமிகளைத் தின்று நீரைத் தூய்மை செய்கின்றன. நாளடைவில் படலம் தடித்து நீர் இறங்காமல் தடுக்கும். அப்பொழுது நீரை வடித்துவிட்டுத் தொழிலாளர்கள் மண்வெட்டியோடு உள்ளே இறங்கி, மேல் மணலை ஓரங்குலக் கனத்துக்குள் சீராகச் சுரண்டி எடுப்பர். எடுத்த மணலைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்துவைப்பர். பலமுறை சுரண்டி மணற்படுகையின் கனம் குறைந்ததும் அதனை மீண்டும் பரப்புவர். புதிதாகச் சுரண்டிய வடிகட்டியில் படலம் மறுபடி உண்டாகும்வரை அந்நீரைக் குடிப்பதற்கு விடலாகாது. ஆழச் சுரண்டினால் நீர் தெளியாது. காலந்தாழ்த்திச் சுரண்டினால் நகருக்கு நீர் போதாது. எப்பொழுது சுரண்டுவது என்பதை அறிந்த மேற்பார்வையாளனும், எவ்வளவு சுரண்டுவது என்பதை அறிந்த தொழிலாளியுமே அந்த நிலையத்தின் உண்மையான இயந்திரங்கள்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கூழாங்கல்லும் மணலும் கரியும் இட்டு, 'நீரைத் தூய்மையாக்கும் முறை' என்ற மாதிரிப் பாடம் நடத்தினேன். கலங்கிய நீர் தெளிந்து சொட்டியது. எல்லோரும் பாராட்டினர். நான்கு மாதங்கள் கழித்து அதே பானைகளில் நீர் ஊற்றினேன். கீழே வந்த நீரில் நாற்றம் வீசியது. "உங்கள் பாடத்தில் பாதியை விட்டுவிட்டீர்கள் தம்பி, கழுவுவது எப்படி என்று சொல்லவே இல்லையே!" என்றார் எங்கள் விரிவுரையாளர். அந்த மறுபாதியைத்தான் இன்று வரையில் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பேணுவது ஒரு பணி என்றால், காலத்துக்கேற்ப விரிவாக்குவது மற்றொரு பணி. மேட்லியின் திட்டம் 1961-ஆம் ஆண்டில் சென்னையில் 6,60,000 மக்கள் இருப்பர், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் நீர் வேண்டும் என்ற கணக்கில் எழுந்தது. அக்காலத்துக்கு அது தொலைநோக்குள்ள கணக்கே. ஆனால் 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே நகரின் மக்கள் தொகை ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1961-இல் பதினேழு லட்சத்தைத் தாண்டியது. மெதுவாகக் கசியும் மணற்படுகை இத்தனை பேருக்கு எங்ஙனம் போதும்? படிகாரம் கலந்து அழுக்கைத் திரட்டிப் படியவைத்து, பிறகு பன்மடங்கு வேகத்தில் நீரை இறக்கும் விரைவு மணல் வடிகட்டிகள் வந்தன. இவற்றைச் சுரண்ட வேண்டுவதில்லை. கீழிருந்து மேலாக நீரை விசையோடு செலுத்தி மணலைக் கலக்கிக் கழுவ வேண்டும். மெதுவான வடிகட்டி வாரக்கணக்கில் பொறுக்கும். விரைவு வடிகட்டியோ ஏறத்தாழ நாடோறும் கவனிப்பை வேண்டும். சாதனத்தின் வேகம் கூடும்தோறும் மனிதனின் கவனமும் கூட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நீர்த் தட்டுப்பாட்டை உணர்ந்து செயலாற்றியவர் தீரர் சத்தியமூர்த்தி. 1939-40-இல் சென்னை மேயராக இருந்த அவர், திருவள்ளூரை அடுத்த பூண்டியில் கொற்றலையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் அமைக்க இடைவிடாது முயன்றார். நீர்த்தேக்கம் 1944-இல் முடிவுற்றது. அதனைக் காண அவர் இல்லை. 1943 மார்ச்சில் மறைந்துவிட்டார். இன்று அது சத்தியமூர்த்தி சாகர் என வழங்குகிறது. பிற்காலத்தில் கரையை உயர்த்தி அதன் கொள்ளளவை 3,231 மில்லியன் கன அடியாக்கினர். தாம் பருகப் போகாத நீருக்காக உழைத்தவர் அவர் என்பதை அக்கரையில் நிற்கும்பொழுதெல்லாம் நினைக்கிறேன்.

இனி ஆலைகளின் கதைக்கு வருவோம். ஆலைக்கு எதற்காகத் தூய நீர் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். உங்கள் வீட்டு அடுப்பங்கரையே இதற்கு விடை சொல்லும். கடின நீரில் பருப்பு வேகாது, சவர்க்காரம் நுரைக்காது, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளைப் பொருக்குப் படியும். அந்தப் பொருக்கு ஆலையின் கொதிகலனில் படிந்தால் வெப்பம் நீருக்குச் செல்லாது; எரிபொருள் வீணாகும்; குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கவும் கூடும். கொதிகலன் விபத்துகளைத் தடுக்க இந்தியாவில் 1923-இலேயே தனிச் சட்டம் இயற்றினர். ஆகவே ஆலைகள் நீரை மென்மையாக்கும் சாதனங்களை வைத்துக்கொண்டன. சிறு மணிகளைப் போன்ற பிசின் ஒன்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை விடும். பிடிக்கும் ஆற்றல் தீர்ந்ததும் அப்பிசினை உப்புக் கரைசலால் கழுவினால் மீண்டும் ஆற்றல் பெறும். கழுவ மறந்தால் சாதனம் அங்கே நிற்கும். நீர் அதன் வழியே ஓடும். ஆனால் கடினநீர் கடினநீராகவே வெளிவரும். அதுதான் இத்தகைய சாதனங்களின் வஞ்சகம். பழுதான விளக்கு எரியாமல் நின்று தன் பழுதைக் காட்டிவிடும். பழுதான வடிகட்டியோ நீர் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், உர ஆலை 1971-இலும் இயங்கத் தொடங்கின. எண்ணூரில் அனல் மின் நிலையம் 1970-இல் எழுந்து 2017 வரை இயங்கியது. இவற்றுக்கெல்லாம் நீர் வேண்டும். 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகளின் உதவியோடு ஆரணியாறு, கொற்றலையாறு ஆகியவற்றின் படுகையில் நிலத்தடி நீரை ஆராய்ந்தனர். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்ந்த மணலடுக்குகளில் நல்ல நீர் மிகுதியாக இருப்பது தெரிந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் தோன்றின. ஆலைகளுக்கும் நகருக்கும் நீர் சென்றது.

எங்கள் ஊர் மீஞ்சூருக்கு அருகே உள்ளது. அப்பொழுது நான் சிறுவன். இராப்பகலாக நீர் இறைக்கும் இயந்திரங்களின் ஓசை எங்களுக்கு வளர்ச்சியின் ஓசையாகவே கேட்டது. எங்கள் வயல்களிலும் மின்சார இறைவைகள் ஓடின. எல்லோரும் எடுத்தோம், எவ்வளவு எடுக்கலாம் என்று எவரும் கேட்கவில்லை. நிலத்தடியில் நல்ல நீரின் அழுத்தம் குறைந்தால் அருகிலுள்ள கடல் சும்மா இருக்குமா? 1969-இல் கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் நின்ற உவர்நீர், பிந்திய ஆண்டுகளில் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் ஊடுருவிவிட்டது. எங்கள் வீட்டில் அதனை முதலில் அறிந்தவர் என் தாயார். "ரெண்டு நாளா பருப்பு வேக மாட்டேங்குது, கிணத்துக்கு என்ன வந்துச்சோ!" என்றார். அடுத்த சில ஆண்டுகளில் நெல் விளைந்த எங்கள் நிலம் உப்புப் பூத்தது. நிலத்தடி மணலும் ஒரு வடிகட்டியே. இயற்கை ஆயிரமாயிரம் ஆண்டுகளில் அமைத்தது. அதனைப் பேணத் தவறியதால் நேர்ந்த இழப்பு எந்த இயந்திரத்தின் பழுதையும்விடப் பெரிது. ஏனெனில் அதற்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

இத்தவற்றிலிருந்து பாடம் கற்றோமா? ஓரளவு கற்றோம். 1978-இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்தது. 1987-இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. நல்ல நீரை மக்களுக்கு விட்டு, ஆலைகளுக்கு வேறு வழி தேடவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அந்த வேறு வழி யாது? நகரத்தின் கழிவுநீர்தான்!

கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே அழுக்கைத் தின்னச் செய்யும் முறையை இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் வெளியிட்டனர். கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டிகள் திறக்கப்பட்ட அதே ஆண்டு அது. நல்ல நீரைத் தெளிவிக்கும் வழி நமக்கு வந்த ஆண்டில், கெட்ட நீரை மீட்கும் வழி அங்கே பிறந்தது. அவ்விரண்டு வழிகளும் எங்கள் வட்டாரத்தில் ஒன்றுசேர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1990-களின் தொடக்கத்தில் மணலியின் பெரிய ஆலைகள், ஒருமுறை சுத்திகரித்த நகரக் கழிவுநீரை வாங்கி, மேலும் தூய்மை செய்து, தம் இயந்திரங்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கின.

அதற்குத் துணைநின்றது எதிர்ச் சவ்வூடு பரவல் என்ற முறை. நல்ல நீருக்கும் உப்பு நீருக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்றை வைத்தால், நல்ல நீர் இயல்பாக உப்பு நீரின் பக்கம் செல்லும். உப்பு நீரின்மேல் மிகுந்த அழுத்தம் கொடுத்தாலோ, உப்பைப் பின்னே விட்டு நீர் மட்டும் மறுபக்கம் வரும். இதற்கு ஏற்ற சவ்வை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய இருவருள் ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் இம்முறை முதன்முதலாக ஊருக்கு நீர் வழங்கப் பயன்பட்டது. 2010-இல் எங்கள் பொன்னேரி வட்டத்துக் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல நீர் தரும் கடல்நீர் ஆலை திறக்கப்பட்டது. எந்தக் கடல் எங்கள் கிணறுகளைக் கெடுத்ததோ, அந்தக் கடலிலிருந்தே குடிநீர் எடுக்கும் காலம் வந்தது.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ வறண்டதை உங்களில் பலரும் கண்டிருப்பீர்கள். அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், கழிவுநீரைச் சவ்வின் வழியே மூன்றாம் கட்டமாகத் தூய்மை செய்யும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர். கொடுங்கையூர் நீர் வடபுறத்து ஆலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் திருப்பெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் செல்கின்றன. கொற்றலையாற்றில் பிறந்து நகருக்குச் சென்ற நீர், தன் வேலையை முடித்து, தூய்மை பெற்று, வடக்கே திரும்பி வருகிறது என்று இதனைச் சொல்லலாம். ஆலை குடிக்கும் ஒவ்வொரு குடம் கழிவுநீரும், ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றில் ஒரு குடம் நல்ல நீரை விட்டுவைக்கிறது.

கும்மிடிப்பூண்டியின் நிலை இதனோடு நெருங்கிய தொடர்புடையது. 1971-இல் நிறுவப்பட்ட சிப்காட் நிறுவனம் பின்னாளில் அங்கே பெருந்தொழிற்பேட்டை அமைத்தது. இரும்பு உருக்கும் உலைகளும், இரசாயன ஆலைகளும், உதிரி உறுப்புகள் செய்யும் கூடங்களும் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்புத் தருகின்றன. அருகில் ஆரணியாறு ஓடுகிறது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. அந்த ஏரியை நம்பி மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன. 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய்க் கண்டிகை நீர்த்தேக்கமும் அப்பகுதியிலேயே உள்ளது. ஆலை உள்ளே எடுக்கும் நீரைத் தூய்மை செய்வது அதன் இலாபத்துக்காக. வெளியே விடும் நீரைத் தூய்மை செய்வது அயலாரின் உயிருக்காக. முதலாவதில் எவரும் சோம்புவதில்லை. கொதிகலன் உடனே தண்டித்துவிடும். இரண்டாவதில் சோம்பினால் தண்டனை ஆலைக்கு அன்று, ஆற்றுக்கு.

இதனால்தான் சட்டம் தேவைப்பட்டது. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982-இல் தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. எனினும், குடிமராமத்தின் கதையை நினையுங்கள். சட்டம் சாதனத்தை வாங்கச் செய்யும். அதனை இரவு இரண்டு மணிக்கும் ஒழுங்காக இயக்கச் செய்வது மனச்சான்றும் பயிற்சியுமே.

பிறரைச் சொல்வானேன்? என் குறையையே சொல்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றுக்கு ஓர் அன்பர் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். மாலை மரியாதையோடு திறப்பு விழா நடத்தினோம். படம் எடுத்து அலுவலக அறையில் மாட்டினோம். அதன் சவ்வை எப்பொழுது மாற்றுவது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும், யார் பொறுப்பு என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டில் நீரின் சுவை மாறியதாக ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து சொன்னாள். "இயந்திரத்து நீர் அம்மா, நல்ல நீர்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு சோதித்துப் பார்த்தபோது, கிணற்று நீர் அப்படியே வந்துகொண்டிருந்தது தெரிந்தது. நல்வினைப் பயனாக எவருக்கும் தீங்கு நேரவில்லை. அந்தச் சிறுமியை அழைத்து, பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், "நீ சொன்னதே சரி, நான் சொன்னது தவறு" என்றேன். அன்று முதல் இயந்திரத்தின் அருகே ஒரு குறிப்பேடு தொங்கியது. நாள், சுவை, கழுவிய தேதி, மாற்றிய உறுப்பு ஆகியவற்றை மாணவர்களே முறை வைத்து எழுதினர். திறப்பு விழாப் படத்தைக் கழற்றிவிட்டு, முடிந்துபோன குறிப்பேடுகளை அந்த இடத்தில் அடுக்கி வைத்தேன்.

பெரிய நிலையங்களுக்கும் இதுவே விதி. கிருஷ்ணா நீரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர 1983-இல் ஒப்பந்தமாகி, 1996-இல் அந்நீர் பூண்டியை அடைந்தபோது நாடே மகிழ்ந்தது. ஆனால் கால்வாயின் கரைகள் சிதைந்து, நீர் வழியிலேயே வீணாயிற்று. புட்டபர்த்தி சத்திய சாயி அறக்கட்டளையின் பொருளுதவியால் கரைகளைச் செப்பனிட்டு 2004-இல் வேலை முடிந்த பிறகே நீர் நன்கு வந்து சேர்ந்தது. புதிய ஆறு எதுவும் வெட்டப்படவில்லை. பழைய கரையைச் சீர்செய்தனர், அவ்வளவே.

புதுப்பிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் அளக்க வேண்டும். அளந்ததை எழுதி வைக்க வேண்டும். எழுதியதைப் படித்து, சாதனம் களைத்துப்போகும் முன்னரே மாற்றுக்கு வழிசெய்ய வேண்டும். சவ்வில் அழுத்தம் சிறிது சிறிதாக ஏறுவது ஏட்டில் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மக்கள் தொகை மேட்லியின் கணக்கை மீறியதும் ஏட்டில் இருந்தது. மீஞ்சூர்க் கிணறுகளில் உப்பு ஏறியதும் ஏட்டில் இருந்தது. படிப்பார் இல்லாத ஏடு இருந்தும் பயன் இல்லை.

மாணவர்களே, உங்களில் சிலர் பொறியாளராவீர்கள். சிலர் ஆலைகளில் பொறுப்பேற்பீர்கள். அணை கட்டும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டும். ஒரு வடிகட்டியைச் சரியாக வைத்திருக்கும் வாய்ப்பு அநேகமாக எல்லோருக்கும் கிட்டும். அதனைச் சிறிய வேலை என்று எண்ணாதீர்கள். அடுத்த முறை உங்கள் பள்ளியில் நீர் பருகும்பொழுது, அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அதன் வடிகட்டியைக் கடைசியாகக் கழுவியது யார், என்றைக்கு என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் ஒரு குறிப்பேடு வாங்கி, முதற்பக்கத்தில் அன்றைய தேதியை எழுதுங்கள்.